அடுத்த வாரம், இதே இடத்தில்

அந்தப் படச்சுருள் யாரும் கொளுத்தாமலே தானாகத் தீப்பிடிக்கும் என்று எனக்கு முதலில் சொன்னது வைதேகிதான். போன வியாழக்கிழமை, பதினொன்றரை மணி இருக்கும், நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் பழைய படங்களைச் சேர்த்துவைக்கிற ஓர் இடத்தில் வேலை பார்க்கிற பெண், முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். என் மகன் ராயன், அவன் அப்பா வைத்திருந்த தகர டப்பாவைப் படம்பிடித்து போனில் நாலு பேருக்கு அனுப்பி, அது கைமாறிக் கைமாறி அவளிடம் போயிருக்கிறது. பயப்படாமக் கேளுங்கம்மா என்றுதான் ஆரம்பித்தாள். அப்படி ஒருத்தி ஆரம்பித்த பிறகு எப்படிப் பயப்படாமல் கேட்பது, என் கையில் புளித்தண்ணீர் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பிலிமை வெடிமருந்துச் சரக்கில்தான் செய்தார்களாம், வயதாக ஆக அது உள்ளுக்குள்ளேயே சூடேறுமாம், பிடித்துவிட்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியுமாம். என்ன வாசனை வருகிறது, ஓரத்தில் பழுப்பாகப் பொடி உதிர்கிறதா, தொட்டால் பிசுபிசுக்கிறதா என்று டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். கெட்டுப்போன ஊறுகாய் வாசனை, பொடி உதிர்கிறது, பிசுபிசுக்கிறது. பிறகு, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், பஸ்ஸிலோ ரயிலிலோ யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது, அதற்கென்று ஒரு பெட்டி சென்னையிலிருந்து வரவேண்டும், வந்ததும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "அடுத்த வாரம்மா" என்றாள்.

அந்த ஒரு சொல்லால்தான் இன்றைக்குத் திங்கட்கிழமை காலை, திருச்செந்தூரிலிருந்து திருநெல்வேலி போகிற பஸ்ஸில், லேடீஸ் சீட்டில், மடியில் ஒரு வெள்ளை மீன் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ஐஸ். ஐஸுக்கு நடுவில் உரச்சாக்கில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, அந்த டப்பா. திருநெல்வேலியில் இறங்கி மதுரை பஸ் பிடித்து வைதேகி கையிலேயே கொடுத்துவிடுவது என்று நேற்று மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது முடிவு செய்தேன். பஸ்ஸில் கொண்டுபோகக் கூடாது என்று அவள் சொன்னதும் காதில் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டில் மருமகள் ஷெர்லியும் எட்டு மாசக் குழந்தையும் இருக்கிறார்கள், தொட்டில் கட்டியிருப்பது பக்கத்து அறையில், நடுவில் ஒரு சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். மூன்று நாளாக அந்தச் சுவரில் கையை வைத்துச் சுடுகிறதா சுடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ராயனிடம் சொன்னால், கடல்ல போட்டுருங்கம்மா என்று சிரிக்கிறான். கடலில் போட்டால் யார் வலையில் ஏறுமோ, யார் திறந்து பார்ப்பார்களோ. அடுத்த வாரமும் பிறந்துவிட்டது, எந்த நாள் என்று தெரியாமல் எப்படி இருப்பது. எங்கள் வீட்டில் அடுத்த வாரம் என்று சொன்ன ஒருவரும் வந்ததில்லை.

ஏனென்றால் டப்பாவுக்குள், அந்தச் சுருளில் இருப்பவனே அப்படிச் சொன்னவன்தான். அவனை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் எங்கள் ஊர் டாக்கீஸில் ஆபரேட்டர், முப்பத்தொரு வருஷம் மிஷின் ஓட்டினார். என் மகள் பெனிட்டா முதன்முதலாக நன்மை வாங்கிய புதுநன்மை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, வெள்ளை உடுப்போடு அவளையும் ராயனையும் என்னையும் ஆளில்லாத தியேட்டருக்குள் உட்காரவைத்து, கேபினுக்கு ஏறிப்போய் ஓட்டினார். காலை பத்து மணி, கதவிடுக்கில் வெயில் வாள் மாதிரி நின்றது. ஒரு குண்டு மனிதன், சின்னத் தொப்பி, கையில் பசை வாளியும் பிரஷ்ஷும், சுவரில் போஸ்டர் ஒட்ட வருகிறான். காற்று அடித்து போஸ்டர் அவனையே சுற்றிக்கொள்கிறது. போலீஸ்காரன் வந்து விரட்டுகிறான், ஒரு நாய் பசையை நக்குகிறது. கடைசியில் பார்த்தால் போஸ்டர் அவன் முதுகில் ஒட்டியிருக்கிறது, தன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க நின்ற இடத்திலேயே சுற்றுகிறான் சுற்றுகிறான், சுற்றிக் களைத்துத் திடீரென்று எங்களைப் பார்த்துவிடுகிறான். முகம் மாறுகிறது. வெட்கமா, பயமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. மெதுவாகத் தொப்பியைத் தூக்குகிறான். பிறகு இங்கிலீஷ் எழுத்து. அவர் மேலே கேபின் ஓட்டைவழியாகத் தமிழில் கத்தினார், அடுத்த வாரம், இதே இடத்தில் என்று. அவ்வளவுதான், நாலு நிமிஷம்கூட இல்லை. படம் எங்கப்பா என்று பெனிட்டா கேட்டாள். படம் வரலம்மா, இது மட்டும்தான் வந்துச்சு என்றார். அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள், சிரிப்புப் படம் எடுத்தால், அதைப் பார்க்க வரச்சொல்லி அதே நடிகனை வைத்துத் தனியாக ஒரு குட்டிப் படம் எடுத்து ஊர் ஊருக்கு அனுப்புமாம், ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் தூக்கிப்போடுவதற்கு. யாரும் வைத்துக்கொள்வதில்லை. எந்தக் காலத்திலோ எங்கள் டாக்கீஸுக்கு அந்தக் குட்டிப் படம் வந்தது, பெரிய படம் வரவில்லை. வைதேகி சொல்கிறாள், அந்தப் பெரிய படம் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லையாம். கூப்பிட்டவன் மட்டும் இருக்கிறான், என் மடியில், ஐஸுக்குள்.

ஐஸ் கரைகிறது. பெட்டியின் ஒரு மூலையில் விரிசல், அதிலிருந்து சொட்டு விழுந்து என் வலது பாதத்தில் படுகிறது. குரும்பூர் தாண்டும்வரை ஐம்பது எண்ணுவதற்குள் ஒரு சொட்டாக இருந்தது, இப்போது வேகம் கூடியிருக்கிறது, இல்லை நான்தான் கூட எண்ணுகிறேனா. கையில் ஜெபமாலை இருக்கிறது, உருட்டுகிற மணிகளில் மூன்றாவது பத்தா நாலாவது பத்தா தெரியவில்லை, ஜெபத்தில் மரண நேரம் என்று வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் நாக்கு நின்றுவிடுகிறது, நான் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறேன். லேடீஸ் சீட்டை எதற்காக இன்ஜினுக்குப் பக்கத்தில் போட்டார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடியிருக்கிற அந்தத் தகரப் புடைப்பிலிருந்து அனல் என் முழங்காலுக்கு வருகிறது. ஏறும்போது கண்டக்டர் பெட்டியை வாங்கி அதன்மேல்தான் வைக்கப்போனான். நான் பிடித்த பிடியில் அவன் பயந்துவிட்டான். "யம்மா, உள்ள என்ன, மீனா? மீன்னா பஸ்ல ஏத்த முடியாது, பெறகு எல்லாரும் என்னத்தான் ஏசுவாக" என்றான். மீன் இல்லை என்றேன். அப்போ என்ன என்றான். என் வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. மருந்து தம்பி, ஊசி மருந்து, ஐஸ்லயே வச்சிருக்கணும் என்றேன். உடனே அவன் முகம் இளகிப்போயிற்று. முன்சீட்டில் இருந்த ஒருவரை எழுப்பி என்னை உட்காரவைத்தான். டிரைவரிடமும் சொன்னான், அண்ணே, மருந்து இருக்கு, பள்ளத்துல பாத்து விடுங்க. அதிலிருந்து டிரைவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைக்கிறார். அவர் குறைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் முள் ஏறுகிறது.

ஒரு பொய் சொன்னால் அது அதோடு நிற்கிறதா. பக்கத்தில் ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், முத்துச்செல்வி என்று பெயர், ஸ்ரீவைகுண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறாள், மடியில் பெண்குழந்தை தூங்குகிறது. குழந்தையின் கால் என் பெட்டிமேல் நீண்டு கிடக்கிறது, கொலுசு அந்த மூடியில் பட்டுப் பட்டுக் கிணுகிணு என்கிறது. யாருக்கும்மா மருந்து என்று கேட்டாள். எனக்கென்று சொல்லியிருக்கலாம், எனக்கு எழுபது ஆகப்போகிறது, எந்த வியாதி சொன்னாலும் நம்புவார்கள். பேரனுக்கு என்று சொல்லிவிட்டேன். சுவரைத் தொட்டுத் தொட்டு நான் காவல் காத்த பிள்ளையின் நினைப்பு, அதனால் வந்திருக்கும். என்ன வயசு என்றாள். எட்டு மாசம். அவள் தன் குழந்தையை ஒருமுறை தொட்டுக்கொண்டாள். பிறகு கண்ணை மூடி, கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய என்னவோ சொன்னாள். "எங்க அம்மன்ட்ட நேந்திருக்கேன்மா. ஒங்க பேரனுக்குச் சரியானா நான் வந்து விளக்குப் போடுதேன்" என்றாள். நான் பார்த்திராத கோயிலில், என் பேரனுக்கு இல்லாத நோய்க்காக ஒரு விளக்கு. ஆண்டவரே, ஆரோக்கியமாக இருக்கிற பிள்ளையின்மேல் நோயைச் சொல்லிவிட்டேனே, அது போய் ஒட்டிக்கொண்டால். காலையில் ஷெர்லி அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், பாளையங்கோட்டையில் ஜெபக்கூட்டம் என்று அவளிடமும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அவன் சோப்பு நுரைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். ஒரே நாளில் எத்தனை பொய்.

விளக்கு என்றதும் அந்த ஞாபகம் வந்துவிடுகிறது, வரவேண்டாம் என்று தள்ளத் தள்ள வருகிறது. கலியாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஒரே சண்டை மெழுகுவர்த்திதான். இயேசுவின் திரு இருதயப் படம் மாட்டியிருந்த உள்ளறையில்தான் அவர் டப்பாவை வைத்திருந்தார். அந்த அறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது, ஊதுபத்தி கூடாது, அங்கேதான் அவரும் படுப்பார், தனியாக. கட்டில் ஓரத்தில் ஒரு வாளி நிறைய மணல். சாமி படத்துக்கு முன்னால் ஒரு திரி எரியக்கூட மனசில்லாத மனுசன் என்று நான் அழுதிருக்கிறேன், பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லியும் இருக்கிறேன். மணல் எதற்கு என்று கேட்டால், வெற்றிலை துப்ப என்பார். ஒருநாளும் அதில் துப்பிப் பார்த்ததில்லை. மாசத்துக்கு ஒருதரம், முதல் சனிக்கிழமை, டப்பாவைத் திறந்து காற்றாட வைத்து, மோந்து பார்த்து, திரும்ப மூடுவார். எதுக்கு இந்தக் கிறுக்கு என்றால், அவன் வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான் அமலி, வந்து பாக்கும்போது அவன் ஒட்டிட்டுப் போன விளம்பரம் இருக்கணும்லா என்பார். பிள்ளைகள் சைக்கிள் கேட்டால் இல்லாத தொப்பியைத் தலையிலிருந்து தூக்குவார், அடுத்த வாரம் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் கடைசியாக, எப்போ வீட்டுக்குப் போகலாம் என்று நான் கேட்டபோதும், ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நெற்றிக்குக் கொண்டுபோய்த் தொப்பியைத் தூக்கினார். புதன்கிழமை போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்து நான் செய்த முதல் காரியம், அவர் நம்பிக்கையில்லாமல் இருந்ததற்கெல்லாம் பரிகாரமாக இருக்கட்டும் என்று, அந்த டப்பாவைத் துடைத்து, படத்துக்குக் கீழே ஸ்டூல் மாதிரி வைத்து, அதன்மேலேயே மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஏழு வருஷம். ஒவ்வொரு நாள் சாயங்காலமும். உருகின மெழுகை மூடியிலிருந்து கத்தியால் சுரண்டி எடுப்பேன்.

வைதேகியிடம் இதை மட்டும் நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஆபத்து தெரியும், தெரியாமலா மணல் வாளி. தியேட்டர் கேபின் வாசலிலும் அதே வாளி தொங்கும், சிவப்புப் பெயிண்ட் அடித்தது, நான் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், பார்த்தும் தோன்றவில்லை. ஏன் சொல்லவில்லை நீங்கள். சொன்னால் நான் தூக்கியெறியச் சொல்வேன் என்றுதானே. எங்களைவிட அந்தக் குண்டன் பெரிதா. இல்லை, அப்படியும் சொல்ல முடியாது, பிள்ளைகளைப் பக்கத்தில் விடாமல், நெருப்பு வந்தால் முதலில் எனக்கு வரட்டும் என்று நடுவில் படுத்துக் கிடந்திருக்கிறீர்கள். நாற்பது வருஷம் மோந்து மோந்து பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அது எங்களுக்குத் தெரியாதே. தெரியாதவர்கள் நடுவில் அதை வைத்துக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒற்றை ஆளாக நினைத்துக்கொண்டு. ஒருவேளை நீங்கள் தூங்கிப்போயிருந்தால். ஒருவேளை அது சூடேறுகிற நாள், நீங்கள் திறந்து பார்க்கிற முதல் சனிக்கிழமையாக இல்லாமல் போயிருந்தால். கோபம் வருகிறது, இறந்தவர்மேல் கோபப்படக் கூடாது, வருகிறது. சொல்லியிருந்தால் நான் மெழுகுவர்த்தியை அடுப்படியில் ஏற்றியிருக்க மாட்டேனா. என்னிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. சொட்டு. சொட்டு. குழந்தையின் கொலுசு. தென்திருப்பேரை நிறுத்தத்தில் பஸ் நிற்கிறது.

முன்வாசலில் ஒரு பெரியவர் ஏறுகிறார், வாயில் பீடி. தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்துக்கொண்டேதான் படியில் கால் வைக்கிறார், தீக்குச்சி மருந்து வாசம் என் மூக்கில் ஏறுகிறது. குச்சியை உதறுகிறார், அது அணைந்ததா அணையவில்லையா, என் சேலைக்குப் பக்கத்தில்தான் விழுகிறது. ஐயா அணைங்க என்று என் குரல் வருகிறது, எனக்கே தெரியாத குரல், பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. ஏன், ஒங்க மருந்து பீடி வாடைக்கு முறிஞ்சிருமோ என்கிறார் அவர். நாலு பேர் சிரிக்கிறார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. "வேய், கீழ போட்டுட்டு ஏறும். பச்சப்புள்ளைக்கு மருந்து கொண்டு போறாக, அவுக படுத பாடு ஒமக்குத் தெரியுமா" என்று எனக்காகச் சண்டை போடுகிறான். பெரியவர் பீடியைப் போட்டுவிட்டு, மன்னிச்சிருங்கம்மா, தெரியாமப் பேசிட்டேன் என்று கும்பிடுகிறார். பஸ் கிளம்புகிறது. அவர் கும்பிட்ட கை என் கண்ணிலேயே நிற்கிறது. அறுபது பேர் இருப்பார்கள். நின்றுகொண்டு வருகிற பள்ளிக்கூட டீச்சர், கோழிக்கூடை வைத்திருப்பவர், தூங்குகிறவர்கள். யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுதானே நீங்களும். அப்படியே இதுதானே. இத்தனை நேரம் உங்களைத் திட்டிக்கொண்டு வந்த வாயால் நான் ஏன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்க்கிறேன், சில்லென்று இல்லை. வெதுவெதுப்பாக இருக்கிறதா, இல்லை என் மடிச்சூடா. இன்ஜின் சூடா. தெரியவில்லை. குழந்தை தூக்கத்தில் காலை இழுத்துக்கொள்கிறது, திரும்ப நீட்டுகிறது, கிணுங்.

தம்பி, பஸ்ஸை நிறுத்துங்க, நான் இறங்கணும் என்கிறேன். திருநெல்வேலிக்கு எவ்வளவோ கிடக்கு, இங்க ஒண்ணுமே கெடையாதேம்மா, வெறும் வாழைத்தோட்டம் என்கிறான் கண்டக்டர். பரவாயில்லை. மருந்து என்னாகும் என்கிறான். இப்போதாவது சொல்லவேண்டும். "இது மருந்து இல்ல தம்பி. தீப்பிடிக்கிற சாமான். நான் பொய் சொல்லிட்டேன்." டிரைவர் ஒன்றும் கேட்காமல் ஓரம் கட்டுகிறார், அதுவும் மெதுவாக, பள்ளம் பார்த்து. யாரோ பின்னாலிருந்து கெட்ட வார்த்தை சொல்கிறார்கள், சொல்லட்டும். கண்டக்டர் கதவைத் திறந்துவிடுகிறான். கடைசியில், நல்லாயிருப்பீங்கம்மா, எறங்குங்க என்கிறான், அது வாழ்த்தா வசையா அவனுக்கே தெரியாத மாதிரி. முத்துச்செல்வி குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக நகர்ந்துவிட்டாள். அவள் பார்க்கிற பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "எம்பேரன் நல்லா இருக்கான் தாயீ. அவனுக்கு ஒண்ணுமில்ல. நீ வெளக்கு நேந்துக்க வேண்டாம்" என்கிறேன். இறங்கி நின்று, பஸ் நகரும்போது ஜன்னல்வழியாகப் பார்க்கிறேன், கையால் குழந்தையின் தலையை மூடியிருக்கிறாள்.

இப்போது வாய்க்கால் ஓரத்தில் ஒரு மருதமரம். பெட்டியை நிழலில், அடிமரத்தோடு ஒட்டாமல் வெறும் மண்ணில் வைத்துவிட்டேன். சுற்றிலும் சருகைக் கையால் தள்ளிவிட்டேன், வாய்க்கால் கரையிலிருந்து முந்தானையில் மணல் அள்ளி அள்ளி வந்து பக்கத்தில் குவித்திருக்கிறேன், ஒரு வாளி அளவுக்கு இருக்கும். தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறேன். வெயில் இலைக்குள்ளே அசைகிறது, நிழல் பெட்டியை விட்டு நகர்ந்தால் நானும் எழுந்து நகர்த்தவேண்டும், அதுவரை பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆள் இல்லை. ஒரு மாடு மட்டும் எதிர்க்கரையில் நின்று என்னையே பார்க்கிறது, அதையும் விரட்டவேண்டும். அவன் உள்ளே எப்படி இருக்கிறான். தன் முதுகைப் பார்க்கச் சுற்றிச் சுற்றி, யார் கண்ணிலோ பட்டுவிட்டவன். வெட்கமா பயமா என்று இத்தனை வருஷம் யோசித்தேன், இன்றைக்கு பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். போனை எடுக்கிறேன், விரலெல்லாம் மணல், இரண்டு தடவை தப்பாக அழுத்தி மூன்றாவது தடவை மணி அடிக்கிறது. சொல்லுங்கம்மா என்கிறாள் வைதேகி. எல்லாவற்றையும் சொல்கிறேன், மெழுகுவர்த்தியிலிருந்து. பிறகு, நீங்க அதுகிட்ட இருந்து எவ்வளவு தூரத்துல இருக்கீங்க என்று மட்டும் கேட்கிறாள். சென்னைப் பெட்டி இன்னும் வரலையே என்கிறாள், தனக்குத்தானே சொல்வது போல.

"முப்பது அடி தள்ளித்தான் உக்காந்திருக்கேன். தென்திருப்பேரை தாண்டி, வாய்க்கா ஓரம், ஒத்தை மருதமரம். பெட்டி இல்லாட்டியும் பரவாயில்லம்மா, நான் மணல் வச்சிருக்கேன். அடுத்த வாரம்னு மட்டும் சொல்லாத. இன்னைக்கே வா."